முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரு தமிழ்

என் இருக்கைக்கு எதிரே ஒரு சுவர்க்கடிகாரம் தொங்குகிறது. 'சேமிப்பிடச் சிக்கனத்துக்காக' என்று அதன் அடியில் பித்தளைத் தகட்டில் பொறித்திருக்கும். பதினொரு வருடங்களுக்கு முன் எனக்குக் கிடைத்த பரிசு. முப்பத்திரண்டு வருட அரசுப் பணியில் மேலிடம் சொல்லாமல் நானே யோசித்துச் செய்தது ஒரே ஒரு காரியம்தான். அதற்குத்தான் கடிகாரம் கொடுத்தார்கள். அரசு ஊழியன் சொந்தமாக யோசிக்கக் கூடாது என்று எங்கள் பழைய சூப்பரின்டெண்ட் ஒருவர் அடிக்கடி சொல்வார். அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

என் பெயர் குழந்தைவேலு. அயல்நாட்டுத் தத்து ஒருங்கிணைப்பு வாரியத்தில் இணை இயக்குநர். பெயரைப் பார்த்துத்தான் இந்த இலாகாவில் போட்டார்கள் என்று நண்பர்கள் சொல்வார்கள். வேறு தகுதி எதுவும் எனக்கும் தெரியவில்லை. ஒருங்கிணைப்பு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகள் நலத்துறையும் வெளியுறவுத்துறையும் இருபத்திரண்டு நாடுகளின் தூதரகங்களும் ஒருவருக்கொருவர் எழுதும் கடிதங்கள் எங்கள் வழியாகப் போகும். ஒவ்வொன்றின் மேலும் நாங்கள் ஒரு கடிதம் எழுதி, குண்டூசி குத்தி அனுப்புவோம். அந்தக் குண்டூசிதான் ஒருங்கிணைப்பு.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, லிப்ட் வழக்கம்போல் ஓடவில்லை. ஐந்து மாடி ஏறி வந்து நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அட்டெண்டர் ஏழுமலை கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"சார், வெளிநாட்டுப் பொண்ணு ஒண்ணு வந்துகீது. பாக்க நம்மூரு மாறிதான் கீது. ஆனா பேச்சு கொயந்த மாறி இருக்கு சார். எனக்கு இன்னாமோ போல ஆயிடுச்சு."

உள்ளே வந்தவளுக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். நல்ல உயரம், ஒட்ட வெட்டிய முடி, முதுகில் பெரிய பை. நெற்றியில் வியர்வை வழிய வழியக் கைகூப்பினாள்.

"ஏனுங், நீங்கதான் பெரிய ஆபீசருங்களா?"

ஆமாம் என்றேன். யாராவது அப்படிக் கேட்டால் நான் மறுப்பதில்லை.

"என்ற பேரு கைசா. ஃபின்லாந்துல இருந்து வாறனுங். எனக்கு உங்க மேல நெம்பக் கோவம். உங்க நோட்டுல பொய் எழுதியிருக்கீங்க. நான் உங்ககூட டூ."

வாரியத்துக்கு இருபத்திரண்டு நாடுகளிலிருந்தும் புகார் வந்திருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, நாடாளுமன்றக் கேள்விகூட வந்திருக்கிறது. டூ விட்டவர்கள் யாரும் கிடையாது. அதற்கு எந்த விதியின்கீழ் பதில் எழுதுவது என்று ஒரு கணம் யோசித்தேன்.

அவளுடைய கோப்பை எடுத்து வரச் சொன்னேன். பெயர்: முப்பிடாதி. தாய்: சொர்ணம், திருநெல்வேலிப் பக்கம் பொட்டல்குளம் கிராமம், பீடி சுற்றும் தொழில். தந்தை இறந்துவிட்டார். அங்க அடையாளம்: இடது காது மடலில் பிளவு. தாய்மொழி என்ற கட்டத்தில், மேல்வரிசையில் இருப்பதே என்று காட்டும் இரண்டு சின்னக் கோடுகள். எங்கள் அலுவலகத்தில் டிட்டோ என்போம். அந்த டிட்டோவைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போனால் முதல் பக்கத்தில் 'தமிழ்' என்று இருக்கும். ஆறு வயதில் குழந்தை ஃபின்லாந்துக்குப் போயிருக்கிறது. தாயின் ஒப்படைப்புக் கடிதத்தில் கைநாட்டும், அதன் பக்கத்தில் எங்கள் ரப்பர் ஸ்டாம்ப்பும் இருந்தன: 'படித்துக் காட்டப்பட்டது. காதால் கேட்டு, மனமுவந்து சம்மதித்தார்.' அந்த வாசகம் என்னுடையது. முதலில் வெறும் 'கேட்டு' என்றுதான் இருந்தது. 'காதால்' என்பதைச் சேர்த்துச் சட்டப்படி உறுதியாக்கியவன் நான்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றேன்.

"நான் திருநெல்வேலி இல்லீங். பேச்சத் திருப்பி வாங்குனேன் இல்லீங்களா, போன வருசம்? அதக் கேட்டுட்டு ஒரு வாத்தியாரு சொன்னாரு, இது பொள்ளாச்சிப் பக்கம், கிணத்துக்கடவுத் தமிழுன்னு. பத்து நாளா அங்கதான் ஊடு ஊடாத் தேடுனனுங். எங்கம்மாவ யாருக்கும் தெரியல. என்னைய யாரோ திருடிட்டு வந்து, வேற ஊரு பேர எழுதி வித்துட்டாங்க. இன்னும் ஆறு நாளுல நான் ஃபின்லாந்துக்குத் திரும்பிப் போவோணுங். எங்கம்மா எங்கீங்?"

'அம்மா' என்று சொன்னபோதெல்லாம் அவள் ஆள்காட்டி விரல் இடது மூக்கின் ஓரத்தைத் தொட்டுவிட்டு வந்தது. கோடை ஜலதோஷம் என்று நினைத்து, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன்.

"கிணத்துக்கடவா? எனக்கும் அதுதாம்மா சொந்த ஊர்!" என்று வேறு சந்தோஷமாகச் சொன்னேன். மடையனுக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை.

அவள் மாத்திரையை மேசைமேல் வைத்தாள். "என்ற பேச்ச எதுக்குங் எடுத்தீங்க?"

அதை இருபது வருடங்களாகப் பல கருத்தரங்குகளில் விளக்கியிருக்கிறேன். குழந்தைத் தமிழ் மட்டுமே தெரிந்த ஒருத்திக்குச் சொல்வது இதுதான் முதல் தடவை.

"புது ஊருக்குப் போற குழந்தைங்க பழைய பேச்சுலயே அழுதுட்டு இருந்தாங்கம்மா. அங்க இருக்கிற அப்பா அம்மாவுக்கு ஒண்ணும் புரியல. அதனால ஒரு ஹெல்மெட் செஞ்சாங்க. அத மாட்டி, படம் காட்டுவாங்க. நாய், வீடு, சோறு, அம்மா. நீ வாயால ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல அது எடுத்துக்கும். எடுத்த இடத்துல அந்த ஊர்ப் பேச்ச வைக்கும். மூணு மணி நேரம்."

"எடுத்தத?"

"பெட்டகத்துல பத்திரமா வைப்போம். பதினெட்டு வயசுக்கு மேல கேட்டா திருப்பித் தருவோம். ரெண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டிருக்கு."

"அழுகறது நின்னுச்சுங்களா?"

"நின்னுடுச்சே."

"நிக்கலீங்," என்றாள். "அவங்களுக்குப் புரியறாப்பல அழுதனுங். எங்க ஃபின்லாந்து அம்மா நல்லவங்க. கூட ஒக்காந்து அவங்களும் அழுவாங்க."

கருத்தரங்குகளில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பேச்சை மாற்ற, சாப்பாடு வாங்கி வரும்படி ஏழுமலையிடம் சொன்னேன்.

சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்தன. அவள் கையால் பிசைந்து நன்றாகவே சாப்பிட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை. குழந்தைத் திருட்டு என்று ஒரு புகார் போனால் விசாரணை வரும். ஓய்வுக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது என்ற நினைப்பிலேயே சோற்றை விரலால் உருட்டிக்கொண்டிருந்தேன். அவள் என் இலையைப் பார்த்தாள்.

"சோத்த உருட்டிட்டே இருந்தீங்கன்னா ஒடக்கான் வந்து பங்கு கேக்குமுங்," என்றாள்.

என் கை நின்றுவிட்டது.

ஒடக்கான் என்றால் எங்கள் பக்கம் ஓணான். ஆனால் அது பங்கு கேட்கும் என்று எங்கள் பக்கத்திலும் யாரும் சொல்வதில்லை. அதைச் சொன்னவள் என் மனைவி வளர்மதி. எங்கள் மகள் கௌசிகா மூன்று வயதில் சாப்பிட அடம்பிடித்த ஒரு நாள், அரசுக் குடியிருப்பின் ஜன்னல் கம்பியில் ஓர் ஓணான் வந்து உட்கார்ந்து தலையை ஆட்டியது. வளர்மதி அப்போதே கட்டிச் சொன்னது அது. பிறகு அது எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. அந்த வாக்கியத்துக்கு உலகத்தில் மூன்றே பேர் சொந்தக்காரர்கள். அவர்களில் ஒருத்தி எட்டு வருடங்களுக்கு முன் இறந்துவிட்டாள்.

"யாரு... யாரும்மா உனக்கு இதச் சொன்னது?"

"எங்கம்மாங்," என்றாள் கைசா. விரல் மறுபடியும் மூக்குக்குப் போய் வந்தது. "நெம்ப நாளு இதையே சொல்லியிருப்பாங்க போல. அந்தக் கொரலு காதுலயே இருக்குது. மொகந்தான் வர மாட்டேங்குது."

மொழிப் பெட்டகம் தரைத்தளத்தில் இருக்கிறது. ஐந்து மாடி இறங்கினேன். அங்கே ஜெசிந்தா என்று ஒப்பந்தத் தொழில்நுட்ப ஊழியை ஒருத்தி, எங்கள் அலுவலகத்தில் வேலை தெரிந்த ஒரே ஆள்.

"ஃபின்லாந்துப் பொண்ணுக்கு எந்தப் பதிவு போச்சு ஜெசிந்தா?"

"எல்லாருக்கும் போறதுதான் சார். ஒண்ணாம் நம்பர்."

"எல்லாருக்குமா?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "சார், நீங்க எழுதுன நோட்டுதான சார்? இருங்க, எடுக்கறேன்."

திரையில் என் கையெழுத்து வந்தது. பதினொரு வருடங்களுக்கு முந்தைய, தன்னம்பிக்கை நிறைந்த கையெழுத்து. 'பார்வையில் காணும் சேமிப்பிடச் சிக்கனச் சுற்றறிக்கையின்படி, பெட்டகத்தில் உள்ள 312 பதிவுகளும் பரிசீலிக்கப்பட்டன. அனைத்திலும் தாய்மொழி தமிழ் என்றே உள்ளது. ஒரே பொருளை 312 முறை இருப்பில் வைத்திருக்கத் தேவையில்லை. ஆகவே பணிமூப்பு அடிப்படையில் முதல் எண் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு, ஏனையவற்றை நீக்கலாம்.'

பணிமூப்பு அடிப்படையில்! மனிதர்களுக்கு இடமாற்றம் போடுகிற விதியைக் குழந்தைகளின் பேச்சுக்குப் போட்டிருக்கிறேன். எது நல்லது, எது யாருடையது என்று பார்க்கவில்லை. சீனியர் எது என்று பார்த்தேன்.

"எல்லாம் தமிழ்தானேன்னு நெனச்சேன்," என்றேன்.

"தமிழ்தான் சார். யாரோட தமிழ்? சொல்ல மட்டும் தனியா உருவ முடியாது சார். 'சாப்பிடு'ன்னு ஒரு சொல்லு எடுத்தா, அத யாரு சொல்லிக் குடுத்தாங்களோ அவங்க கொரலும் கூட ஒட்டிக்கினு வந்துரும். முகம் வராது, கொரல் வந்துரும். நான் அப்பவே வாயால சொன்னேன். நீங்க எழுத்துல குடுன்னீங்க. அதுக்குள்ள கடிகாரம் வந்துடுச்சு."

"அழிச்சத எங்கயாச்சும்..."

"அழிச்சது அழிச்சதுதான் சார். பதினோரு வருசம்."

இதுவரை நாற்பத்தொரு பேர் மொழியைத் திருப்பி வாங்கியிருந்தார்கள். தூதரகங்களிலேயே வாங்கிக்கொண்டு, நன்றிக் கடிதம் எழுதியிருந்தார்கள். ஸ்பெயினிலிருந்து ஒருவர், ஒடக்கான் என்றால் என்ன விலங்கு, ஏன் எனக்கு அதன்மேல் இவ்வளவு பிரியம் என்று கேட்டிருந்தார். 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் போட்டது எனக்கு நினைவிருக்கிறது.

முதல் எண் பதிவின் விவரத்தைத் திறக்கச் சொன்னேன். திறப்பு விழா, சோதனைப் பதிவு, குழந்தையின் பெயர் கௌசிகா. பார்த்ததும் அந்த நாள் ஞாபகம் வந்தது. அமைச்சர் வரப்போகிறார், இயந்திரம் ஓட வேண்டும், தமிழ் பேசும் குழந்தை ஒன்று அவசரமாகத் தேவை. பள்ளிக்கூட விடுமுறை என்று என் பெண்ணை அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தேன். ஐந்து வயது. எடுக்கவில்லை, நகல் மட்டும்தான் என்று உறுதி சொன்னார்கள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவள் வாய் ஓயாமல் பேசினாள். கடைசியில் ஒரு லட்டு கொடுத்தார்கள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் டொராண்டோவில் இருக்கும் கௌசிகாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். நடந்ததை எல்லாம் சொல்லி, ஒடக்கான் விஷயத்தையும் சொன்னேன்.

"ஒடக்கானா? அப்படின்னா என்னப்பா?" என்றாள்.

"உங்கம்மா சொல்வாளே கண்ணு... சோத்த உருட்டினா..."

"ஸாரிப்பா. எனக்கு ஞாபகமே இல்ல." சாவியைத் தேடும் சத்தம் நின்றது. "அந்தப் பொண்ணுக்கு அம்மா வாய்ஸ் கேக்குதாப்பா? நிஜமாவா?"

"நிஜமா."

"எனக்குக் கேக்கலியே," என்றாள்.

ஹெல்மெட் மாட்டி எடுத்த குழந்தைக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு பெட்டகம் வைத்தோம். ஹெல்மெட் எதையும் எடுக்காமலே தொலைத்தவளுக்கு எந்த நாட்டோடு ஒப்பந்தம் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. 

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பயம் ஒரு காரணம். ஏழு வாரம் தள்ளினால் என் இடத்துக்கு வருகிறவர் ஒருங்கிணைத்துக்கொள்வார். இன்னொரு காரணம் அதைவிட வெட்கக்கேடு. கைசா மறுநாளும் வருவாள், என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள், வளர்மதி பேசுவதை நான் கேட்கலாம். எட்டு வருடமாக நான் கேட்காத பேச்சு அது. கேட்க ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பெண் கிணத்துக்கடவில் வீடு வீடாகத் தேடியது என் மனைவியை. இன்னும் சில நாட்களில் ஊர் திரும்புகிறவள், இருக்கிற நாளையும் இல்லாத ஒருத்தியைத் தேடிச் செலவழிப்பாள். பொட்டல்குளத்தில் சொர்ணம் என்று ஒருத்தி இருக்கிறாளா இல்லையா என்று எட்டிப் பார்க்காமலே போய்விடுவாள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தேன். இரவு முழுக்க ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் போய், எங்கள் ஊர்ப் பேச்சே வாயில் வந்தது.

"அம்மிணி, உன்ற நோட்டுல பொய் இல்ல. உன்ற வாயிலதான் பொய்ய வச்சுப்போட்டேன். நீ கேக்கற கொரலு என்ற சம்சாரத்தோடது. நீ பேசறது என்ற புள்ளயோட பேச்சு."

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது. கடைசியில் அவள் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி.

"அந்த அம்மா எங்கீங் இருக்காங்க?"

"செத்துப்போயிட்டா சாமி. எட்டு வருசமாச்சு."

அவள் வாய்விட்டு அழுதாள். ஐந்து வயதுக் குழந்தை அழுவதைப் போல, விக்கி விக்கி, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அழுதாள். வளர்மதிக்காக இப்படி அழுதவர்கள் எங்கள் சொந்தத்தில்கூடக் கிடையாது. நானே அப்படி அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காபி போதுமா என்று ஒருங்கிணைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப எங்கம்மா சொன்னதெல்லாம்?" என்றாள் கடைசியாக.

"அழிச்சுப்போட்டேன்."

விரல் மூக்கின் ஓரத்தில் போய் அப்படியே நின்றது.

அன்றே நடந்ததை எல்லாம் எழுதி இயக்குநர் அம்மாளிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏழு வாரம் பல்லைக் கடிச்சிட்டு இருந்திருக்கலாமே மிஸ்டர் குழந்தைவேலு," என்றார். ஓய்வு பெறும் நாளன்று சஸ்பெண்ட் ஆகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் ஏழு வாரம் முன்னதாகவே ஆகி, அதிலும் சீனியாரிட்டியை மீறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நானும் கைசாவும் திருநெல்வேலியில் இறங்கி, பஸ் பிடித்துப் பொட்டல்குளம் போனோம். சட்டைப்பையில் இரண்டு பக்க மன்னிப்புக் கடிதம் வைத்திருந்தேன். முப்பத்திரண்டு வருடம் கடிதம் எழுதியவனுக்கு, நேரில் மன்னிப்புக் கேட்கவும் தாள் தேவைப்பட்டது. பழக்கதோஷத்தில் 'பார்வை' என்று போட்டுக் கோப்பு எண்ணும் எழுதியிருந்தேன். பஸ்ஸில் கைசா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். இந்தப் பேச்சில் பேசினால் அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியுமா? தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

சொர்ணம் உயிரோடு இருந்தாள். ஓட்டு வீட்டு வாசல் வேப்பமர நிழலில், மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது.

"அம்மா," என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"யாரு நீங்க? தொண்டை கிழியக் கத்துனாலும் அவளுக்குக் கேக்காதுல்லா. பொறந்ததுல இருந்தே காது கெடையாது, பேச்சும் கெடையாது. என்ன சோலியா வந்தீய?"

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"இவங்களுக்கு ஒரு பெண் குழந்தை..."

"ஆமா, முப்பிடாதி. ஆயும் மவளும் நாள் பூரா கையாலயே பேசிக்கிடுவாளுவ. நாங்க வேடிக்க பாப்போம். இவளுக்கு நெஞ்சுல சளின்னு எட்டு மாசம் ஆஸ்பத்திரில போட்டுட்டாவ. புள்ளைய ஒரு ஹோம்ல விட்டுட்டுப் போனா. திரும்பி வந்து பாத்தா புள்ளையக் காணல. போய்க் கேட்டதுக்கு ஒரு தாளக் காட்டி, 'நீதான கைநாட்டு வச்சே'ன்னானுவளாம். அவ ஆஸ்பத்திரிச் சீட்டுன்னு நெனச்சுல்லா வச்சிருக்கா!"

காதால் கேட்டு, மனமுவந்து சம்மதித்தார். காதால் என்ற சொல்லை நான்தான் சேர்த்தேன். வேறு எதனால் கேட்பார்கள் என்று அன்று யாராவது என்னைக் கேட்டிருக்கலாம். நானாவது என்னைக் கேட்டிருக்கலாம்.

கைசா பையைக் கீழே போட்டுவிட்டு அவளுக்கு எதிரே போய் நின்றாள். சொர்ணம் நிமிர்ந்தாள். இடது மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி போட்டிருந்தாள்.  கைசாவின் விரல் தானாகப் போய் மூக்கின் ஓரத்தைத் தொட்டது. ஃபின்லாந்தில் டாக்டர்கள் நரம்புக் கோளாறு என்றார்களாம். நான் ஜலதோஷம் என்று மாத்திரை கொடுத்தேன்.

சுளகு சரிந்து புகையிலைத் தூள் எல்லாம் மண்ணில் கொட்டியது. சொர்ணம் தன் இடது காது மடலைப் பிடித்து இரண்டு தடவை இழுத்தாள். அதுதான் அந்த வீட்டில் முப்பிடாதியின் பெயர்.

பிறகு எழுந்து அவளை அடித்தாள். தோளிலும் முதுகிலும் மாறி மாறி அடித்தாள். அடித்த கையாலேயே கட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கைசாவின் கைகள் முதலில் தடுமாறின. பத்து விரல்களையும் என்ன செய்வது என்று தெரியாமல் காற்றில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மோவாயில் இரண்டு தட்டு. உள்ளங்கையைத் திறந்து காட்டுதல். ஹெல்மெட் வாயால் சொன்னதை மட்டும்தான் எடுத்தது. கைகளை யாரும் கேட்கவில்லை, ஆகவே யாரும் எடுக்கவில்லை. டிட்டோ போட்ட கட்டத்தில் இருந்திருக்க வேண்டியது இதுதான். அதைப் பாதுகாத்ததில் வாரியத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

கொஞ்சம் அடங்கிய பிறகு நான் தாளை எடுத்தேன். கேட்க முடியாதவளுக்கு எதைப் படிப்பது?

"எல்லாத்தையும் சொல்லிப்போடு அம்மிணி," என்றேன். "அந்த ஸ்டாம்ப்பையும் சொல்லு. அது நானுன்னு சொல்லு."

கைசா கட்டைவிரலை உள்ளங்கையில் அழுத்திக் காட்டினாள். காதைத் தொட்டாள். என்னைக் காட்டினாள். சொர்ணம் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வந்து என் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலைத் தன் உள்ளங்கையில் வைத்து வலிக்க வலிக்க அழுத்தினாள். விட்டுவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அவள் உள்ளே போனாள். போய்விடுவோமா என்று நான் கேட்க வாயெடுத்தபோது மூன்று தட்டுகளோடு வந்தாள். சோறும், கொதிக்கக் கொதிக்கக் கருவாட்டுக் குழம்பும். குழம்புச் சட்டியை இறக்கி வைக்க ஏதாவது வேண்டும் என்று சுற்றுமுற்றும் பார்த்தவள், என் கையிலிருந்த இரண்டு பக்கத் தாளை வாங்கி மடித்து அதன் அடியில் வைத்தாள். என் சர்வீஸில் யாருக்காவது உருப்படியாகப் பயன்பட்ட முதல் கடிதம் அதுதான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உருட்டிக்கொண்டிருந்தேன். எதிரே தரையில் இரண்டு தடவை தட்டும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். சொர்ணம் என் தட்டைக் காட்டி, விரல்களைக் குவித்து உருட்டிக் காட்டி, வாயைக் காட்டி, முறைத்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்றேன் கைசாவிடம்.

"சோத்த உருட்டாதீங்க, சாப்புடுங்கன்றாங்க. உருட்டிட்டே இருந்தீங்கன்னா ஒடக்கான் வந்து பங்கு கேக்குமாங்."

"ஒடக்கானா? அவங்களா சொன்னாங்க?"

கைசா தன் தட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு கவளம் வாயில் போட்டாள்.

"இல்லீங்," என்றாள். "அது மட்டும் உங்க ஊட்டம்மா."

நான் சாப்பிட்டேன்.